வால்வ் மாத்தினா சத்தம் மாறுமா?

என் கிட்டார் ஆம்ப் வால்வ்ல ஓடுறது. அதோட முதல் ப்ரீஆம்ப் வால்வ் 12ஏஎக்ஸ்7. பெருக்கக் காரணி 100. அதே ஒன்பது பின் சாக்கெட்ல 12ஏடி7 செருகினா 60தான். 12ஏயு7 செருகினா 20க்குப் பக்கம். கரகரப்பு குறைஞ்சு கிட்டார் தெளிவா கேட்கும். கூடவே சத்தமும் குறையும்.

இங்கதான் காது ஏமாத்தும். எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்குன்னு நம்பிடுவோம். அதனால வால்யூமைச் சமமா வச்சு ஒப்பிடுங்க. அப்புறம் பழைய வால்வுக்குக் காசு கொடுக்கலாமான்னு முடிவு பண்ணுங்க.

பவர் வால்வ் மட்டும் வேற கதை. அதுக்குப் பயாஸ் சரிபார்க்கணும். சுவிட்சை அணைச்ச பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல 400 வோல்ட்கூட நிக்கலாம். உயிர் சமாச்சாரம். அதைத் தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்ட விட்டுடுங்க.