மாநிலமாகும் முன்பே பெண்ணுக்கு வாக்குரிமை அளித்த வயோமிங்



1867 ஜூலையில் அமெரிக்காவின் மேற்குச் சமவெளியில் ஷையான் என்றொரு ஊர் முளைத்தது. யூனியன் பசிபிக் ரயில் பாதை அந்த வழியாக வரப்போகிறது என்ற செய்தியே அதற்கு அடித்தளம். நவம்பரில் தண்டவாளம் வந்து சேர்வதற்குள் அங்கே ஆயிரக்கணக்கானோர் குடியேறிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த ஊர் அடங்கிய வயோமிங் தனிப் பிரதேசமானது.

பிரதேசம் என்றால் பாதி உரிமை. ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். நாடாளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதி போகலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது. மக்கள்தொகை பெருகி, அரசமைப்புச் சட்டம் எழுதி, நாடாளுமன்றம் இசைந்தால்தான் மாநில அந்தஸ்து. 1870 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 9,118 பேர்தான்.

அந்தச் சின்னக் கூட்டம் உலகம் திரும்பிப் பார்க்கும் காரியத்தைச் செய்தது. முதல் சட்டமன்றத்திலேயே வில்லியம் பிரைட் என்ற உறுப்பினர் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1869 டிசம்பர் 10 அன்று ஆளுநர் ஜான் கேம்பல் அதில் கையெழுத்திட்டார். நீதியுணர்வு மட்டும்தான் காரணமா? இல்லை. பெண்கள் அரிதான மண்ணுக்குக் குடும்பங்களை ஈர்க்கும் விளம்பரக் கணக்கும், ஆளுநரைச் சங்கடப்படுத்தும் கட்சி அரசியலும் அதில் கலந்திருந்தன. ஆனாலும் சட்டம் சட்டம்தான்! இரண்டே மாதத்தில் சவுத் பாஸ் சிட்டி என்ற தங்கச் சுரங்க ஊரில் எஸ்தர் மோரிஸ் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அமைதி நீதிபதி ஆனார். நாட்டிலேயே அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். 1870 செப்டம்பரில் லாரமி நகரில் லூயிசா ஸ்வெய்ன் என்ற மூதாட்டி விடியற்காலையிலேயே வந்து வாக்களித்தார்.

கொடுத்ததைப் பறிக்கவும் முயற்சி நடந்தது. 1871-இல் அந்த உரிமையை ரத்து செய்யும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கேம்பல் அதை ஏற்க மறுத்தார். அவருடைய மறுப்பை முறியடிக்க ஒரே ஒரு வாக்கு குறைந்தது. அந்த ஒரு வாக்கில்தான் பெண்ணுரிமை பிழைத்தது.

பிறகு வந்தது கால்நடை யுகம். புல்வெளியெங்கும் மாட்டு மந்தைகள், வெளிநாட்டு முதலீடு, பண்ணை முதலாளிகளின் செல்வாக்கு. 1886-87 பனிக்காலம் அந்தச் செழிப்பின் முதுகெலும்பை முறித்தது; மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

1889 செப்டம்பரில் மாநில அந்தஸ்து கோரி ஷையானில் கூடி அரசமைப்புச் சட்டத்தை எழுதிய 49 பேரும் ஆண்கள். ஆனாலும் பெண்களின் வாக்குரிமையை அவர்கள் அதில் உறுதி செய்தார்கள். வாஷிங்டனில் அதுவே பெரிய தடையானது. பெண்கள் வாக்களிக்கும் மாநிலத்தைச் சேர்ப்பதா என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். வயோமிங் பின்வாங்கவில்லை. கீழவையில் 139-க்கு 127 என்ற குறுகிய வித்தியாசத்தில் மசோதா தேறியது. 1890 ஜூலை 10 அன்று குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட, வயோமிங் 44-ஆவது மாநிலமானது. அதே மாதம் ஷையானில் நடந்த விழாவில் மேடையேறி முழங்கியவர்களில் தெரசா ஜென்கின்ஸ் என்ற பெண்ணும் ஒருவர்.

இந்தப் பெருமையைப் பாடிவிட்டு இறங்கிவிடலாகாது. அந்தப் புல்வெளி வெற்றிடமாகக் கிடந்ததல்ல. ஷோஷோனி, லக்கோட்டா, அரபஹோ, ஷையான் ஆகிய பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் அது. ஒப்பந்தங்கள் போட்டும் மீறியும் அவர்களை ஒடுக்கி ஒதுக்கிய பிறகே குடியேறிகள் அங்கே வேரூன்றினார்கள். 1885 செப்டம்பர் 2 அன்று ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊரில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல் 28 சீனத் தொழிலாளர்களைக் கொன்றது. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. பெண்ணுக்கு வாக்குச்சீட்டைத் தந்த அதே மண்ணில்தான் இதுவும் நடந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வயோமிங்கின் வரலாறு.

1924-இல் நெல்லி டெய்லோ ராஸை வயோமிங் மக்கள் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பதவியை ஏற்ற முதல் பெண் அவர். அந்நாட்டின் பூர்வகுடிகள் அனைவரையும் குடிமக்களாக ஏற்கும் சட்டம் வந்ததும் அதே 1924-இல்தான்.