சிங்கத்தின் தலையும் சிரிப்பின் உறவும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மிடம் அண்டைவீட்டார் நடிகர் ரஜினிகாந்தைப் பற்றிய புளுகுக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

சர்க்கஸ்காரர் சிங்கத்தின் வாயில் தலையை வைத்தார். ரஜினி வந்ததும் சிங்கமே தன் தலையை அவர் வாயருகே நீட்டிற்றாம்! மற்றவர் கம்பிமேல் நடந்தனர். அவரோ கம்பியை அவிழ்த்துவிட்டு நடந்தாராம்!

இஃது எள்ளலோ என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கின்றனர். சுளிக்க வேண்டியதில்லை. அக்கதாநாயகர் 1950-இல் பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே பேருந்து நடத்துநராயிருந்து, பின்னர்ச் சென்னைக்கு வந்து, தமிழ்த் திரையில் உயர்ந்தவர். நம்மைப் போலவே பிறந்த மண்ணைவிட்டு வேற்று மொழியினரிடையே வாழச் சென்றவர்!

ஆகவே, கதை சொல்பவருக்கு நாமும் ஒரு கதை சொல்வோம்: சர்க்கஸ் கூடாரம் சாய்ந்தது, ரஜினி தூணைத் தொடவேயில்லை, பூமியைச் சற்றே நிமிர்த்தினாராம்!