பள்ளியில் பெற்றோரின் பங்கு



பள்ளிக்குத் தொண்டு என்றதும் ஆண்டு விழாவுக்கு நன்கொடை அளிப்பதையே எண்ணுகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ நம் நேரத்தையும் கேட்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுப்பதும், அரசு தரும் நிதி எவ்வாறு செலவாகிறதெனக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள்.

அடியேனும் ஓராண்டு உறுப்பினனாக இருந்தேன். பதிவேடு வீடு தேடி வரும், படியாமலே ஒப்பமிடுவேன். மறு ஆண்டு உறுப்பினரான ஓர் அம்மையார், கூட்டத்துக்கு முன் பள்ளியைச் சுற்றிப் பார்த்தார். மாணவியர் கழிப்பறையில் பல மாதங்களாகத் தண்ணீரில்லை. அதற்கு அஞ்சி என் மகள் பகல் முழுதும் நீர் அருந்தாதிருந்ததை அன்றுதான் அறிந்தேன். பழைய பதிவேட்டில் ‘குறைகள் ஏதுமில்லை’ என்ற வரியின் கீழ் என் கையொப்பம் இருந்தது.

அம்மையார் அதிகம் பேசவில்லை. குழாய்ப் பழுதைத் தீர்மானத்தில் எழுதச் செய்தார். இரு வாரங்கள் கழித்துத் தாமே சென்று குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது.

அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோர் அருள்கூர்ந்து அரைமணி முன்னதாகச் செல்லுங்கள்.