பிள்ளைக்கு எந்த நாதசுரம்?



தேர்பவனியில் நாதசுரம் கேட்ட நம் சிறுவர் சிலர் அதைக் கற்க ஆசைப்படுகிறார்கள். "எதை வாங்கலாம், சாமி?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

முன்பு ஒருமுறை நாம் அழகில் மயங்கி நீண்ட பாரி ஒன்றை வாங்கிவிட்டோம். ஒன்பது வயதுப் பையனின் விரல் கீழ்த் துளைகளை எட்டவில்லை. எட்டு மாதம் அது சக்ரீஸ்து ஆணியில் தொங்கியது.

திமிரி குட்டை, சுருதி உயரம். பாரி நீளம்; சுருதி தாழ்வு. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரியைச் செய்து கொடுத்த பிறகு மேடைகளில் பாரியே நிலைத்தது. கைக்கு அடக்கம் என்று திமிரி வாங்கினால் குழுவோடு சேராது. ஆகவே முதலில் ஆசிரியரின் சுருதியைக் கேளுங்கள். பிறகு பிள்ளையின் விரல்கள் ஏழு துளைகளையும் மூடுகின்றனவா என்று பாருங்கள். இல்லையேல் ஓராண்டு பொறுங்கள். அதுவரை வாய்ப்பாட்டுப் படிக்கட்டும்.

மேனாட்டு ஓபோவும் இரட்டைச் சீவாளிக் கருவிதான். அதில் விரலுக்கு உதவ உலோகச் சாவிகள் உண்டு. வாங்குவோர் சாவி அமைப்பைப் பார்த்தே வாங்குவர். நம் கருவியில் சாவி இல்லை. அரைச் சுரத்தை விரலும் உதடும் மூச்சுமே தர வேண்டும். கீழுள்ள ஐந்து துளைகளில் மெழுகிட்டுச் சுருதி திருத்துவார்கள். பிள்ளைகள் அந்த மெழுகைச் சுரண்டிவிடப் போகிறார்கள்!

அணசின் பளபளப்புக்குப் பணம் கொட்டாதீர்கள். நல்ல சீவாளி நாலைந்து வாங்குங்கள்.

ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா 1982இல் அங்கே சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் தொடங்கினார். 1999இல் மறையும்வரை அவ்வூரே அவர் ஊர். காவிரிப் பாலம் தாண்டி அங்கே நல்ல ஆசிரியரை விசாரியுங்கள். வாங்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பஸ் கட்டணம் நாம் தருகிறோம்.