"பயந்து பயந்து வாழ்ற வாழ்க்கை எங்களுக்கு வேணாம் தோழர்களே!"

அம்பத்தூர் பகுதிக் கிளைக் கூட்டத்தில் இளம் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவருடைய விருப்பப்படி பெயரும் படமும் வெளியிடப்படவில்லை. முழுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.



மேடையில இருக்கிற மூத்த தோழர்களுக்கும், வேலை முடிஞ்சு வீட்டுக்குக்கூட போகாம நேரா இங்க வந்திருக்கிற உங்களுக்கும் என் வணக்கம்.

என்னை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஆவடியில பொறந்து வளர்ந்தவன். எஸ்டேட்ல ஒரு சி.என்.சி. பட்டறையில ஆபரேட்டரா வேலை. காலையில ஆவடியில லோக்கல் ட்ரெயின் ஏறி பட்டரவாக்கத்துல இறங்கி நடந்து போவேன். தேர்தல் வந்தா பூத் ஸ்லிப் கொடுப்பேன், பசை வாளியைத் தூக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு போஸ்டர் ஒட்டுவேன்.

உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. நான் தன்பாலீர்ப்பாளன். ஆண்களை விரும்புற ஆண். இதைக் கேட்டதும் சில பேர் திருநங்கைன்னு நினைச்சுக்கறாங்க. அது வேற. நான் ஆண்தான், ஆணாவே இருக்கத்தான் விரும்பறேன். என் மனசு இன்னொரு ஆணைத் தேடுது. அவ்வளவுதான்.

எங்க வாழ்க்கை எப்படி இருக்கும்னு கேட்டா, உங்க வாழ்க்கை மாதிரிதான் இருக்கும். ஷிஃப்ட், ஓவர்டைம், இ.எம்.ஐ., தண்ணி கேன். கூடுதலா ஒண்ணு இருக்கு. தினமும் பொய் சொல்லணும்.

திங்கட்கிழமை டீ டைம்ல, "ஞாயித்துக்கிழமை எங்கடா போன?"ன்னு கேப்பாங்க. நாலு வருஷமா நான் விரும்புறவரோட பூந்தமல்லியில பிரியாணி சாப்பிட்டுட்டு வந்திருப்பேன். "வீட்டுலதான் தூங்கினேன்"னு சொல்லுவேன். அவர் நம்பரை போன்ல 'கேஸ் ஏஜென்சி'ன்னு சேவ் பண்ணியிருக்கேன். ஒருநாள் அவர் பைக்ல இருந்து விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தார். "நீங்க அவருக்கு யாரு?"ன்னு கேட்டாங்க. "கூட வேலை செய்யறவன்"னு சொல்லிட்டு வெளிய பெஞ்ச்ல உக்காந்திருந்தேன். அவங்க அண்ணன் ஊர்ல இருந்து வர்ற வரைக்கும் டாக்டர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

வாடகை வீடு அடுத்த கதை. ரெண்டு பேச்சிலர் சேர்ந்து வீடு எடுக்கறது இருபத்தஞ்சு வயசு வரைக்கும் யார் கண்ணையும் உறுத்தாது. முப்பதை நெருங்கும்போது, "இன்னும் ஏம்பா ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கல?"ன்னு ஹவுஸ் ஓனர் கேக்க ஆரம்பிப்பார். எங்களை ஒரு மாசத்துல காலி பண்ணச் சொன்னாங்க. காரணம் சொல்லல. பெயின்ட் அடிக்கணும்னு அட்வான்ஸ்ல பாதியைப் பிடிச்சுக்கிட்டாங்க. போய் சண்டை போட முடியுமா? போட்டா தெருவுக்கே தெரிஞ்சிடும்.

இதைவிட மோசமானது மிரட்டல். ஆப்ல நட்பா பேசி, ஆள் இல்லாத எடத்துக்கு வரச் சொல்லி, நாலு பேர் சேர்ந்து அடிச்சு, ஜிபேல இருக்கிற பணத்தையெல்லாம் மாத்திக்கிட்டு விடுவாங்க. என் நண்பன் ஒருத்தனுக்கு நடந்தது. ஒரு மாசச் சம்பளம் போச்சு. "ஸ்டேஷனுக்கு வாடா, நான் கூட வரேன்"னு சொன்னேன். "வீட்டுக்கு போன் பண்ணிடுவாங்கடா"ன்னு அழுதான். திருடனுக்குத் தெரியும், இவன் புகார் கொடுக்க மாட்டான்னு. எங்க பயம்தான் அவனுக்கு முதலீடு.

தோழர்களே, சட்டம் எங்க பக்கம் நகர்ந்திருக்கு. 1860ல வெள்ளைக்காரன் எழுதின தண்டனைச் சட்டத்தோட 377ஆம் பிரிவு எங்களைக் குற்றவாளின்னு சொன்னது. 2009ல டெல்லி உயர் நீதிமன்றம் அது தப்புன்னு சொன்னது. 2013ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவுத்துச்சு. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட வாழறது குற்றமில்லைன்னு தீர்ப்பு சொன்னது.

நம்ம சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு. மதுரையில இருந்து ரெண்டு பெண்கள் வீட்டை விட்டுட்டு சென்னைக்கு வந்தாங்க. பெத்தவங்க காணோம்னு புகார் கொடுத்தாங்க, போலீஸ் தேட ஆரம்பிச்சுது. அந்தப் பெண்கள் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனாங்க. வழக்கை விசாரிச்ச நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுசா புரியலன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டார். அதுக்கப்புறம்தான் 2021 ஜூன் 7ல உத்தரவு போட்டார். ஒரு நீதிபதியே "எனக்குத் தெரியல, கத்துக்கறேன்"னு சொல்லும்போது, நாம கத்துக்கறதுல என்ன வெக்கம்?

அந்த வழக்கோட தொடர்ச்சியாத்தான், எங்களைத் துன்புறுத்தக் கூடாதுன்னு 2022ல தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகள்ல புது விதி சேர்ந்தது. எங்களை 'மாத்தறேன்'னு சிகிச்சை கொடுக்கிற டாக்டர் தொழில் ஒழுங்கு மீறுறார்னு தேசிய மருத்துவ ஆணையம் அறிவிச்சது. எங்களை மரியாதையாக் குறிப்பிடுற தமிழ்ச் சொற்களை அரசே அரசிதழ்ல வெளியிட்டுச்சு.

2023 அக்டோபர்ல கல்யாண உரிமை வழக்குல உச்ச நீதிமன்றம் கையை விரிச்சிடுச்சு. அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சாப்பிடல. ஆனா 2025 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் உருவாகக் கல்யாணம் மட்டுமே வழியில்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான்னு சொல்லுச்சு.

இது தமிழ்நாட்டுக்குப் புதுசா? சுயமரியாதைத் திருமணம் பண்ணிக்கிட்டவங்களை ஒரு காலத்துல சட்டம் தம்பதின்னு ஏத்துக்கல. அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதுக்காக அவங்க வாழாம இருந்தாங்களா? 1967ல, அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ சட்டம் வந்தது. முதல்ல மனுஷங்க வாழ்ந்தாங்க, பின்னாடி சட்டம் வந்து சேர்ந்தது.

உங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. உங்க வீட்டு மாடியை வாடகைக்கு விடும்போது, வாடகை ஒழுங்கா வருதான்னு பாருங்க. அவங்க யாரை விரும்பறாங்கன்னு பாக்காதீங்க. மிரட்டலுக்கு ஆளான பையன் உங்ககிட்ட வந்தா, அவன் வீட்டுக்குச் சொல்லாம அவன்கூட ஸ்டேஷனுக்கு வாங்க. ரெண்டு கட்சித் தோழர்கள் கூட நின்னா அங்க பேச்சே வேற மாதிரி இருக்கும், உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, இதைச் சொல்லத்தான் ரொம்ப யோசிச்சேன். நம்ம தெருமுனைக் கூட்டத்துல எதிர்க்கட்சிக்காரனைத் திட்டும்போது, 'அவன் ஆம்பளையா'ன்னும், அதுக்கு மேலயும் சொல்லி நக்கல் பண்றோம். எல்லாரும் விசில் அடிக்கறாங்க. கீழ நாற்காலி போட்டுக்கிட்டு நானும் நின்னிருக்கேன். அந்த அடி அவன்மேல விழல தோழர், என்மேல விழுந்துச்சு. அவன் கொள்கையைக் கிழிங்க, ஊழலைக் கிழிங்க. எங்களைக் கல்லா எடுத்து அவன்மேல எறியாதீங்க.

நாளைக்கு உங்க பிள்ளையே வந்து, "அப்பா, நான் இப்படி"ன்னு சொல்லலாம். அன்னைக்கு நீங்க சொல்ற முதல் வார்த்தையை அவன் சாகற வரைக்கும் மறக்க மாட்டான். "சாப்டியாடா?"ன்னு கேளுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

என் அம்மா திருவேற்காடு கருமாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு எனக்குப் பொண்ணு தேடிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டேன். இந்தக் கொடியைப் பிடிச்ச கைங்க என்னைக் கைவிடாதுன்னு நம்பித்தான் சொன்னேன்.



மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம். அழைப்பு இலவசம்.

#சமூகநீதி #சுயமரியாதை