தில்லியும் திருச்சியும்: ஒரு மாதக் கணக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"திருச்சிக்கு மாற்றல் கிடைத்தால் பாதிச் செலவில் குடும்பம் நடத்தலாம்" என்னும் பேச்சு நம் காலனியில் அடிக்கடி எழுகிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். ஆகவே, நம்மைப் போன்ற ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தை வைத்து இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் வரவு. பஞ்சப்படி நாடெங்கும் ஒரே வீதம். ஊருக்கேற்ப மாறுபவை வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியுமே. 2024 ஜனவரியில் பஞ்சப்படி 50 சதவிகிதத்தை எட்டியபோது, வாடகைப்படி தில்லியில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதமாகவும் திருச்சியில் 20 சதவிகிதமாகவும் உயர்ந்தது. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் எனக் கொண்டால் வித்தியாசம் 4,000 ரூபாய். போக்குவரத்துப்படி தில்லியில் 3,600, திருச்சியில் 1,800. அதன்மேல் பஞ்சப்படி உண்டு. அந்த மாதக் கணக்கின்படி, திருச்சிக்குச் சென்றவருக்கு மொத்தம் 6,700 ரூபாய் வரவு குறைந்திருக்கும்.

இனிச் செலவு. இங்கே புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் தேங்காயும் கூடுதல் விலை. குளிர்காலத்தில் பட்டாணியும் காலிபிளவரும் மலிவு. கம்பளி, ரஜாய் செலவு திருச்சியில் இல்லை. ஆயினும் கணக்கைத் தீர்மானிப்பது வீட்டு வாடகையே. இரண்டு ஊர் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் இந்த வரவுக் குறைவைத் தாண்டினால்தான் மலிவு என்ற பேச்சுக்கு இடமுண்டு. குவார்ட்டர்ஸில் இருப்போர்க்கு வாடகைப்படி கிடையாது. சொற்பக் கட்டணத்தில் வீடு இருக்கிறது. அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்காவிடில், 8,000 ரூபாய் வாடகைப்படிக்குள் வீடு அமையுமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மேலும், சொந்த விருப்பத்தின்பேரில் வேறு ரயில்வேக்கு மாற்றல் பெறுவோர் மூப்புப் பட்டியலின் அடியில் நிற்கவேண்டும். மாற்றல் மானியமும் இல்லை. பதவி உயர்வு தள்ளிப்போனால் அந்த நட்டம் மாதந்தோறும் தொடரும்.

எதிர்ப்பக்கத்தில் எழுதவேண்டிய இனம் ஒன்று உண்டு. என் தாயார் திருச்சியில் தனியே இருக்கிறார். அங்கோர் அடுப்பு, இங்கோர் அடுப்பு. மாதப் பணம், மருந்துச் செலவு, துணைக்கு வரும் அம்மாளின் கூலி. உடல்நலம் குன்றினால் திடீர்ப் பயணம். பாஸ் டிக்கெட்டைத்தான் தரும். மற்றச் செலவைத் தராது. இரண்டு அடுப்பும் ஒன்றாகும் என்பதற்காக ஒருவர் மூப்பை விட்டுக்கொடுத்தால் அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். மலிவை மட்டும் நம்பி விண்ணப்பம் எழுதவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

எழுதுமுன் இரண்டு ஊர்ச் செலவையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். தாய்மார்களையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். புளி விலை நமக்குத் தெரியாது!