நோயுடன் 14 ஆண்டுகள்



கல்லூரியில் 33 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் நான். ஆதலால் நான் எண்களைப் பற்றித்தான் பேசுவேன் என்று நிலைய அன்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர்கள் எண்ணம் பொய்க்கவில்லை. இன்றும் ஓர் எண்ணைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். ஆனால் அது நான் கரும்பலகையில் எழுதிய எண் அன்று. என் மருத்துவக் கோப்பின் ஓரத்தில் ஒரு மருத்துவர் பென்சிலால் எழுதிய எண்.

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி சிறிதும் இல்லை. வலியில்லாத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது என்று வாளாவிருந்துவிட்டேன். அவ்வாண்டு என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பொதுத் தேர்வு முடியட்டும் என்று மாதங்களைத் தள்ளினேன். மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது உண்மைதான். ஆனால் வலியில்லாமையை நல்ல அறிகுறி என்று எண்ணுவது பிழை. அப்பிழையைக் கணிதம் கற்ற ஒருத்தி செய்தாள் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

2011 ஏப்ரலில் மருத்துவரிடம் சென்றபோது கட்டி எலுமிச்சங்காய் அளவாகியிருந்தது. நோய் மார்பைக் கடந்து முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும், கல்லீரலில் ஓரிடத்திலும் குடியேறிவிட்டது. இதனை நான்காம் நிலை என்பர். ஐந்தாம் நிலை என்று ஒன்று கிடையாது.

இச்செய்தியை எனக்கு எவரும் சொல்லவில்லை. மருத்துவர் என் கணவரைத் தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று சொன்னார், கணவர் என் தமையனாரிடம் சொன்னார், இருவரும் சேர்ந்து வந்து, "சின்னக் கட்டிதான், மருந்திலேயே கரைந்துவிடும்" என்றார்கள். நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறது. சென்னையிலிருந்து மலைக்கோட்டை விரைவு வண்டியில் திருச்சிக்குத் திரும்பும்போது, அவர் உறங்கியபின், கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். இடைநிலை வாழ்நாள் ஏறத்தாழ 2 ஆண்டு என்று எழுதியிருந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்திருப்பாள் என்று மனம் உடனே கணக்கிட்டது. விழுப்புரம் தாண்டும் வரையில் வேறொன்றும் தோன்றவில்லை.

அதன் பிறகுதான், அங்கே எழுதியிருந்த சொல் சராசரி அன்று, இடைநிலை என்பது உறைத்தது. வகுப்பில் எத்தனையோ முறை விளக்கிய சொல்! என் பொருட்டு அதனை ஒருமுறை விளக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவ்விளக்கத்தை மறுமுறை நான் செய்தது இன்னொருவருக்காக. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்தேற்றிக்கொள்ளச் சென்னை செல்வேன். அதே நோய்க்காக, அதே வண்டியில், திருவரங்கத்தில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மையாரும் வருவார். என்னைவிட மூத்தவர், அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார். அவருக்கும் யாரோ இரண்டு ஆண்டு என்று சொல்லியிருந்தார்கள். அவர் மடியிலிருந்த மல்லிகை மொட்டுகளில் பதினொன்றை எடுத்து இருக்கையின்மேல் வரிசையாக வைத்தேன். "இவர்கள் பதினொரு நோயாளிகள். முதலில் இறப்பவர் முதல் மொட்டு. ஆறாவது மொட்டு இரண்டாம் ஆண்டில் உதிர்கிறது. நடுவில் இருப்பது அதுதான். இடைநிலை என்பது அவ்வளவே. மீதமுள்ள ஐவரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது மூன்றாம் ஆண்டில் உதிரலாம். பதினொன்றாவது இருபது ஆண்டும் இருக்கலாம். அப்போதும் இடைநிலை இரண்டுதான்" என்றேன். அவர் மொட்டுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதில் நான் எது, டீச்சரம்மா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் ஜே கூல்ட் என்பார்க்கும் இதே கணக்கு நேர்ந்தது. 1982-இல் வயிற்றுறையில் ஓர் அரிய புற்றுநோய் அவருக்குக் கண்டறியப்பட்டது. நூலகத்திற்குச் சென்று பார்த்தார். இடைநிலை வாழ்நாள் எட்டு மாதம் என்று இருந்தது. அவரும் புள்ளியியல் அறிந்தவர். வரைபடத்தின் வலப்புற வால் நீண்டு செல்வதைக் கண்டு, 1985-இல் இடைநிலை அளவைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். 2002 வரை வாழ்ந்தார்; இறந்ததும் வேறொரு புற்றுநோயால். அவர் கட்டுரை எனக்குப் பெரிதும் துணை செய்தது. ஆயினும் வரைபடத்தின் வால் தானாக நீள்வதில்லை. அதனை நீட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நம் உடலின் உயிரணுக்களின் மேற்பரப்பில், வெளியிலிருந்து வரும் கட்டளைகளை ஏற்கும் புரதங்கள் உள்ளன. அவற்றைக் காதுகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஹெர்-2 என்பது, 'வளர்க, பெருகுக' என்னும் கட்டளையோடு தொடர்புடையது. மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்புரதத்திற்குரிய மரபணு பலபடியாகப் பெருகி, ஓர் அணுவின்மேல் அளவுக்கு மீறிய காதுகள் முளைத்துவிடுகின்றன. அவ்வணு ஓயாமல் பெருகும். 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் ஸ்லேமன் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவர்களும், இவ்வகை நோய் உடையோர் மற்றவரினும் விரைவில் மடிகின்றனர் என்று காட்டினார்கள். அப்படியானால் அந்தக் காதுகளை அடைத்தால் என்ன? எலியிலிருந்து பெற்ற ஓர் எதிர்ப்புரதத்தை மனித உடல் ஏற்கும் வண்ணம் மாற்றியமைத்தார்கள். டிராஸ்டுசுமாப் என்பது அதன் பெயர். அது ஹெர்-2 மீது போய் ஒட்டிக்கொண்டு கட்டளையைத் தடுக்கிறது; உடலின் காவல் அணுக்களுக்கும் அவ்விடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 1998-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

நோய் பரவிய 469 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2001-இல் வெளிவந்தது. வேதி மருந்து மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 20.3 மாதம், இம்மருந்தும் சேர்ந்தபோது 25.1 மாதம். ஐந்து மாதம்கூட முழுதாக இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். இடைநிலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பின்னர் பெர்டுசுமாப் என்னும் இரண்டாம் எதிர்ப்புரதம் வந்தது. அதனையும் சேர்த்து 808 பெண்களிடம் செய்த சோதனையில், எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 37 பேர் உயிருடன் இருந்தனர். இரண்டாம் மருந்து பெறாதவருள் 23 பேர். அவ்வறிக்கை 2020-இல் வெளிவந்தது. முன்னர் மிகக் கொடியது என்று அஞ்சப்பட்ட வகையிலேதான் இன்று நெடுங்காலம் வாழ்வோர் பலர் இருக்கின்றனர். என் கட்டியும் அவ்வகையே. இதில் என் திறமை ஏதும் இல்லை.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உங்கள் மனவலிமைதான் உங்களைக் காப்பாற்றியது" என்று என்னைப் பாராட்டுகிறவர்கள் பலர். அவர்கள் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. ஆனால் அப்பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் பூக்கட்டும் அக்காவின் முகம் என் முன் வந்து நிற்கிறது. மனவலிமையில் நான் அவர் கால்தூசிக்கு ஆகேன். மருந்தேற்றிக்கொண்டு, இரவு வண்டியில் திரும்பி, விடியற்காலையில் பூச்சந்தைக்குப் போனவர் அவர். அந்நாளில் அம்மருந்தின் விலை நடுத்தரக் குடும்பத்தையே சாய்க்கும். எங்களிடம் விற்பதற்கு ஒரு மனை இருந்தது, விற்றோம். அக்காவிடம் இருந்தது தாலிக்கொடியும் இரண்டு வளையலும். எட்டு முறைக்குமேல் அவரால் இயலவில்லை. நிறுத்திவிட்டார். அதை என்னிடம் சொல்லவில்லை. வண்டியில் அவரைக் காணாமற்போனபோதுதான் தெரிந்தது. நோய் மூளைக்குச் சென்று, 2013 ஆடி மாதத்தில் காலமானார்.

அவ்வாண்டின் இறுதியில், இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஒப்பு மருந்துக்கு நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டில் அது விற்பனைக்கு வந்து, விலையும் இறங்கத் தொடங்கியது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மருந்து தொடர்ந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன்; இடைவிடாது பெற்றோர் பலரையும் அம்மருந்து கைவிட்டிருக்கிறது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது எளிதில் புகுவதுமில்லை. ஆனால் அவர் வரிசையில் எத்தனையாவது மொட்டு என்பதைத் தீர்மானித்தவற்றுள் ஒரு மனையின் விலையும் ஒன்று என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

இனி, இவ்வாழ்க்கை எத்தகையது என்று கேட்பீர்கள். இதுவரை 240 முறைக்குமேல் மருந்தேற்றிக்கொண்டிருக்கிறேன். காறை எலும்பின் கீழ், தோலுக்கடியில், மருந்து செல்வதற்கென்று ஒரு சிறு கருவி பதித்திருக்கிறார்கள். இம்மருந்து இதயத்தைத் தளர்த்தக்கூடும் என்பதால் அவ்வப்போது இதயத்தை அளந்து பார்க்கிறார்கள். எலும்பை உறுதிப்படுத்தும் மருந்து தாடையெலும்பைக் கெடுக்கக்கூடும். ஆகவே ஒரு பல் பிடுங்க வேண்டுமானாலும் இரு மருத்துவர்களின் இசைவு வேண்டும். முதல் ஆண்டில் பெற்ற வேதி மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போயின. சுண்ணக்கட்டியின் வழவழப்பை அதன்பின் நான் உணரவில்லை. ஸ்கேன் எடுக்கும் வாரத்தில் வீட்டில் யாரும் யாரிடமும் உரக்கப் பேசுவதில்லை. மற்ற வாரங்களில் எல்லா வீடுகளையும் போலவே சண்டையிட்டுக்கொள்கிறோம்.

உடலின் தொல்லைகளைவிட எனக்கு இடர் தருவது சொல்லின் பஞ்சம். "குணமாகிவிட்டதா?" என்று கேட்கிறார்கள். ஆகவில்லை. "அப்படியானால் இன்னும் நோயாளியா?" வகுப்பெடுக்கிறேன், விடைத்தாள் திருத்துகிறேன், மகளுக்குத் திருமணம் செய்து வைத்தேன், அவ்வாறும் சொல்ல முடியவில்லை. அந்தத் திருமணப் பேச்சின்போது என் நோயை மறைத்துவிடும்படி சுற்றத்தார் வற்புறுத்தினார்கள். தாழ்வாரத்தில் பேசிய பேச்சு என் வீட்டில் ஒருமுறை நடந்தது போதும் என்று நான் மறுத்துவிட்டேன். ஒரு வீட்டார் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள், இது பரம்பரையாக வருமா என்று நேராகக் கேட்டார்கள். மரபணுச் சோதனை செய்ததையும், கவலைக்குரிய மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்பதையும் சொன்னேன். உட்கார்ந்து காபி அருந்தினார்கள்.

2011-இல் வீட்டின் பின்புறம் காலியாகக் கிடந்தது. தென்னங்கன்று வைக்கலாம் என்றார் கணவர். காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டு ஆகுமே என்று எண்ணி, முருங்கைப் போத்து ஒன்றை நட்டுவைக்கச் சொன்னேன். அது ஓராண்டுக்குள் காய்த்துவிடும். ஐந்தாம் ஆண்டு முடிந்தபோது நானே போய்த் தென்னங்கன்று வாங்கிவந்தேன். இப்போது இரண்டும் நிற்கின்றன. முருங்கையில் கம்பளிப்பூச்சி மிகுதியாகிவிட்டது. அதை வெட்டிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு.

அடுத்த ஸ்கேன் வரும் புதன்கிழமை. செவ்வாய் இரவு வண்டிக்குச் சீட்டு எடுத்தாயிற்று.